ழகரத்தில் ஒரு சொல்

தலையை ஆட்டக் கூடாதாம். சரி என்று சொல்வதற்குத் தலையைத்தான் ஆட்டப் போனேன். "அதத்தானக்கா வேணாங்கிறேன்" என்று ஸ்கேன் எடுக்கிற பெண் பெனிட்டா இரண்டு பக்கமும் பஞ்சுத் துண்டுகளைத் திணித்து, முகத்துக்கு மேல் பிளாஸ்டிக் கூண்டை இறக்கிப் பூட்டிவிட்டாள். கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷமாக எதற்கெடுத்தாலும் தலையாட்டித்தான் பழக்கம், இன்றைக்குத்தான் வேண்டாம் என்கிறார்கள். முக்கால் மணி நேரம். காதில் பஞ்சு, அதற்கு மேல் ஹெட்போன், வலது கையில் ஒரு ரப்பர் பந்து. முடியவில்லை என்றால் பந்தை அமுக்கலாம், அமுக்கினால் எல்லாம் நின்றுவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதனால் கூடுமானவரை அமுக்காதீர்கள். அமுக்குவதற்கென்று ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு அமுக்காதே என்கிற நியாயம் எனக்குப் புதிதல்ல. படுக்கை நகர்ந்து குழாய்க்குள் போகிறது. மூக்குக்கு ஒரு சாண் மேலே வெள்ளைக் கூரை. கண்ணுக்கு நேரே சின்னக் கண்ணாடி, அதில் கால்மாட்டில் இருக்கிற திரை தெரிகிறது. திரையில் என் பெயர். குழல்வாய். அவ்வளவுதான். என் பெயர் குழல்வாய்மொழி, குற்றாலத்து அம்மன் பெயர், அப்பா நேர்ந்துகொண்டு வைத்தது. கட்டத்தில் இடம் போதவில்லையாம், மொழியை வெட்டிவிட்டார்கள். மணிக்கட்டுப் பட்டையிலும் குழல்வாய்தான். முதல் நாளே கவுண்டரில் சொன்னேன், பெயர் முழுசாக இல்லையே என்று. "நம்பர் கரெக்டா இருக்குல்லம்மா, அதப் பாருங்க." இருபத்தாறு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்திச் சாப்பிடுகிறவளிடம் சொல்கிற பதிலா அது? ஒரு ஒற்று விட்டுப்போனால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. இங்கே வரவேற்பு அறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு பத்திரிகைச் செய்தி மாட்டியிருக்கிறார்கள், ஆஸ்பத்திரி டைரக்டர் சிரித்துக்கொண்டிருக்கிற படத்தோடு: 'அரிய மூளைக்கட்டிகளைக் கண்டறிய தமிழிலேயே பரிசோதனை.' கண்டறியவுக்குப் பிறகு த் எங்கே? தமிழிலேயே என்று மார்தட்டுகிற வரியில் ஒரு த் போட ஆளில்லை. அதற்கு மேல் அந்தச் செய்தியைப் படிக்கவே பிடிக்கவில்லை. ஆங்கில எழுத்துகளை எடுத்துவிட்டுத் தமிழுக்கே உரிய சிறப்பு எழுத்துகளை வைத்து என்று ஏதோ பெருமையடித்திருந்தது.

இயந்திரம் கத்த ஆரம்பித்துவிட்டது. இது வெறும் படம், இருபது நிமிஷம், நீங்கள் சும்மா படுத்திருந்தால் போதும் என்றாள். சும்மா எப்படிப் படுத்திருப்பது, தலைக்குப் பக்கத்தில் தகரத்தில் ஆணி அடிக்கிறார்கள். என் மண்டைக்குள் இடது பொட்டுக்கு உள்ளே, ஒரு நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறது. முதன்முதலில் அது வந்தது எட்டாம் வகுப்பு உரைநூல் ஒன்றுக்கு மூன்றாவது மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தபோது. பால் அடிப்பிடித்த வாசனை வந்தது. அச்சகத்தில் ஏது பால்? பக்கத்து மேஜை சரோஜினியிடம் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். வாய் திறந்தபடி இருந்தது, சொல் வரவில்லை. என்ன கேட்க வேண்டும் என்று தெரிகிறது, பால் என்பது வெள்ளையாகக் கண்ணுக்குள் நிற்கிறது, அதன் பெயர் மட்டும் எங்கேயோ போய்விட்டது. அரை நிமிஷம். பிறகு எல்லாம் திரும்பி வந்துவிட்டது. குடும்ப டாக்டரிடம் போனேன். "உங்களுக்கு என்ன வயசும்மா? நாப்பத்தஞ்சா? அந்த வயசுல பொம்பளைங்களுக்கு இப்பிடித்தான்" என்றார். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். எந்த வயதில் பெண்களுக்குப் பாலின் பெயர் மறக்கும் என்று எந்தப் புத்தகத்தில் படித்தார்? என் நாத்தனார், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று மிளகாய் சுற்றிப் போட்டாள், அவளாவது ஏதோ ஒன்று இருக்கிறது என்று ஒத்துக்கொண்டாள். இவர், என் வீட்டுக்காரர், மின்வாரியத்தில் கணக்கீட்டாளர் சங்கரபாண்டியன், "நீ ரொம்ப யோசிக்கிற மொழி, அதான்" என்றார். யோசிக்காமல் எப்படிப் பிழை திருத்துவது என்று கேட்டேன். அதற்கு அவர், இதைத்தான் சொல்கிறேன் என்றார். வேறொரு இடத்தில் சாதாரண ஸ்கேன் எடுத்தோம், பழைய தழும்பு, சின்ன வயதில் எங்காவது விழுந்திருப்பீர்கள் என்றார்கள். நான் விழவில்லை. விழவில்லை என்று மூன்று தடவை சொன்னேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது என்றார்கள்.

இங்கே வந்து இந்தப் பெரிய இயந்திரத்தில் படுத்த பிறகுதான் அது தழும்பில்லை என்று தெரிந்தது. கட்டியைத் தனியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள், அதற்குள் என்னென்ன ரசாயனம் எவ்வளவு என்று அறுக்காமலேயே அளக்கிறார்கள், ரத்தம் எப்படிப் போகிறது என்று நிறம் நிறமாகக் காட்டுகிறார்கள். அதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. கேங்க்லியோக்ளையோமாவாக இருக்கலாம், எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயம் என்றார் டாக்டர் நிரஞ்சன். அந்தப் பெயர் வரிக் கடைசியில் வந்தால் எங்கே உடைப்பது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது, அதுதான் என் புத்தி. அபூர்வமாம். மெதுவாக வளர்வதாம். முழுக்க எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப வராதாம். பின்னாலேயே ஏழெட்டு மாணவர்கள் நின்று என் படத்தைப் பார்த்து, "ப்யூட்டிஃபுல் சார்" என்றார்கள். என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. டாக்டர் என்னைத் தாண்டி இவரைப் பார்த்துக் கேட்டார், "அவங்களுக்குப் பேச்சு எப்படி இருக்கு?" நான் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு வாய் இருக்கிறது. இவர் சிரித்துக்கொண்டே, "அதுக்கெல்லாம் கொறச்சலே இல்ல சார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதை நினைத்தால்தான் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அசையக் கூடாது. பல்லைக் கடித்தால் கூட அசைவுதான் என்றாள். விட்டுவிடுகிறேன். கட்டி பேச்சுப் பகுதிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் வெட்டுவதற்கு முன் பேச்சு எங்கே இருக்கிறது என்று ஒரு வரைபடம் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். திரையில் ஒரு எழுத்து வரும், இருபது வினாடி. அந்த எழுத்தில் தொடங்குகிற சொற்களை மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு கூட்டல் குறி வரும், இருபது வினாடி, ஒன்றும் நினைக்காமல் சும்மா இருக்க வேண்டும். சொல் ஓடும்போது அந்த இடத்தில் ரத்தம் கூடும், சும்மா இருக்கும்போது அடங்கும், இரண்டையும் கழித்துப் பார்த்தால் பேச்சு எங்கே இருக்கிறதோ அங்கே ஆரஞ்சு நிறம் பூக்கும். பெனிட்டா விளக்கியபோது நான் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தேன். சொல்தானே, என்னிடம் கேட்கிறார்களே, அகராதியை வைத்துக்கொண்டு வாழ்கிறவளிடம். இரண்டு வாரத்துக்கு முன் இதே குழாயில் படுத்தேன். ழ வந்தது. ஒரு சொல்லும் வரவில்லை. ழ, ழ, ழ என்று வெறும் எழுத்து மட்டும் ஓடியது. கூட்டல் குறி. ண வந்தது. ஒன்றுமில்லை. ள. ஒன்றுமில்லை. போய்விட்டது, எல்லாம் போய்விட்டது, அந்த நெல்லிக்காய் தின்றுவிட்டது என்று நினைத்தேன். வெளியே வந்து இவரிடம் கூடச் சொல்லவில்லை. வீட்டில் தடிமனாய் மூன்று அகராதிகள் இருக்கின்றன, பதினைந்து நாளாக ஒன்றையும் தொடவில்லை. திறந்தால் அதில் வரிசை வரிசையாகச் சொற்கள் இருக்கும், எனக்கு மட்டும் இல்லை என்று கண்ணால் பார்க்க வேண்டி வரும். அந்த எழுத்துகளைத் திரும்ப நினைக்கவே பயம். அச்சகத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். சொல் வராதவள் என்னத்தைத் திருத்துவது?

ரிப்போர்ட் வந்தது. இடது பக்கப் பேச்சுப் பகுதியில் செயல்பாடு காணப்படவில்லை. நோயாளியின் ஒத்துழைப்பு போதாது. ஒத்துழைப்பு! கூண்டுக்குள் கிடந்து கண்ணீர் காதில் ஒழுக அசையாமல் கிடந்தேனே, அதற்கு வேறு பெயர் என்ன? டாக்டர் நிரஞ்சன் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு இவரிடம் சொன்னார், "ஒரு வகையில நமக்கு இது நல்லதுதான் சார். அந்த ஏரியா ஏற்கெனவே வேலை செய்யல. பேச்சு வலது பக்கம் மாறியிருக்கலாம். அப்படின்னா சுத்தியும் தாராளமா எடுத்துடலாம். இழக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல." நான் வாயைத் திறந்தேன். "நான் பேசிக்கிட்டுத்தான இருக்கேன் டாக்டர்?" என்றேன். அவர் பொறுமையாக, "நீங்க பேசறீங்கம்மா, ஆனா படத்துல இல்லையே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். என் வாயில் இருக்கிறது, அவர் காதில் விழுகிறது, ஆனால் படத்தில் இல்லை. எதற்கும் இன்னொரு தடவை எடுத்துவிடலாம், இதிலும் இப்படியே இருந்தால் வியாழக்கிழமை தாராளமாகச் செய்துவிடலாம் என்றார். இன்றைக்குச் செவ்வாய். தாராளம் என்ற சொல் அவருக்குப் பிடித்துவிட்டது. துணி வெட்டுகிறவர்கூட இரண்டு தடவை அளந்துதான் வெட்டுவார், டாக்டரும் இரண்டாவது தடவை அளக்கிறாரே, அதற்கு நன்றி சொல்ல வேண்டுமாக்கும்.

பிச்சைமணியண்ணன் ஞாபகம் வருகிறது. நினைக்கக் கூடாது என்று இருந்தேன், வருகிறது. அன்றைக்கு எனக்கு முன்னால் இதே குழாயில் படுத்துவிட்டு வந்தவர். டவுன் பஸ் கண்டக்டர், ஐம்பத்திரண்டு வயது, எல்லாப் பொத்தானும் போட்ட வெள்ளைச் சட்டை. பெரியார் நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றம் ரூட்டில் பதினேழு வருஷம். வரவேற்பு அறையே கேட்கிற மாதிரிதான் பேசுவார், அவர் மனைவி இருளாயி தொடையில் தட்டிக்கொண்டே இருப்பாள். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே வீடு என்று கேட்டார். பசுமலை என்றேன். உடனே முகமெல்லாம் சிரிப்பு. கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்த மாதிரி வைத்துக்கொண்டு, "பெரியார், பழங்காநத்தம், பைக்காரா, பசுமலை, மூலக்கரை எறங்கு! மூலக்கரை எறங்கு!" என்று ஒரு குரல் கொடுத்தார். கவுண்டரில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகுதான் குரலைத் தணித்து, "ஏந்தங்கச்சி, உள்ள எழுத்து போட்டாங்களே, உனக்கு வந்துச்சா? எனக்கு ஒண்ணுமே வரல. ழன்னு ஒண்ணு, ணன்னு ஒண்ணு. நாம எட்டாங்கிளாசுதான, எங்கிட்டு வரும்? அந்தப் புள்ளட்டயும் சொன்னேன், தாயி எனக்கு ஒண்ணும் வரலன்னு" என்றார். நான் அப்போதுதான் குழாயிலிருந்து வந்திருந்தேன். "எனக்கும் வரலண்ணே" என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "நீ படிச்ச புள்ள, ஒனக்குமா வரல?" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம், பரீட்சையில் தோற்றவர்கள் மாதிரி. இன்றைக்குக் காலையில் தாழ்வாரத்தில் பார்த்தேன். சக்கர நாற்காலி. தலையில் இடது பக்கம் பாதி வட்டத்துக்குத் தையல். ஆபரேஷன் ஆகிப் பத்து நாளாம். "அண்ணே, என்னத் தெரியுதா?" என்றேன். சிரித்தார். "ம்" என்றார். இருளாயி சொன்னாள், "என்ன கேட்டாலும் ம் தான் தாயி. அந்த எடம் முன்னாடியே செத்துத்தான் கெடந்துச்சாம், டாக்டரு சொன்னாரு. நல்லாத்தான பேசிக்கிட்டிருந்தாரு?" அவர் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சீட்டுக் கிழிக்கிற மாதிரி ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தன.

சத்தம் நின்றது. "அக்கா, படம் முடிஞ்சுது. இப்ப எழுத்து. போன தடவ மாதிரி விட்ராதீங்கக்கா, நல்லா ட்ரை பண்ணுங்க." ஹெட்போனில் பெனிட்டா. நல்ல பெண்தான், கெஞ்சுகிற மாதிரிச் சொல்கிறாள். ட்ரை பண்ணுகிறேன். என் மண்டைக்காக நான் பண்ணாமல் யார் பண்ணுவார்கள்? கூட்டல் குறி. சும்மா இருக்க வேண்டும். ழ. வந்துவிட்டது. ழ. வா, ஏதாவது ஒன்று வா. பழம், மழை, கிழவி, எல்லாம் நடுவில் ழ வைத்துக்கொண்டு நிற்கிறது, முதலில் வேண்டுமாம், முதலில். ழா, ழி, ழீ, ழு. ஒன்றுமில்லை. கூட்டல் குறி. சும்மா இரு. எப்படிச் சும்மா இருப்பது, வியாழக்கிழமை தாராளமாக எடுத்துவிடுவார்கள், தாராளமாக, நான் வீட்டுக்கு வந்து எல்லாவற்றுக்கும் ம் என்பேன், இவருக்கு நிம்மதியாக இருக்கும், இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது, ஆபரேஷன் என்றதும் மொட்டை மாடிக்குப் போய்த் தனியாக அழுத மனுஷன், ஆனாலும் என்னைக் கேட்டதற்கு அவர் ஏன் பதில் சொன்னார், என் பேச்சைப் பற்றி என்னைத்தானே கேட்க வேண்டும்? ண. வந்துவிட்டது ண. ண. மூன்று சுழி. கண், மண், பெண், எல்லாம் கடைசியில். ணா. ணி. ஒன்றுமில்லை. வெறும் சுழிகள். கூட்டல் குறி. போயிற்று. அப்பா, உன் அம்மன் பெயரைப் போய் வைத்தாயே, குழல்போல வாய்மொழி என்று, வாய்மொழி போகப் போகிறது, குழாயில் படுத்திருக்கிறேன். ற.

ற. றெக்கை! வந்துவிட்டது, ஒன்று வந்துவிட்டது, றெக்கை, றெக்கை, கோழிறெக்கை. அழுகையே வந்துவிட்டது. செத்துப் போகவில்லை, இருக்கிறது, ஒரு சொல்லாவது இருக்கிறது. றெக்கை. றெக்கை தப்பு. இறக்கை. கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடுகிறது, ரப்பர் பந்துதான் அகப்படுகிறது. றெக்கை என்று எழுதிக் கொடுக்கிறவர்களுக்கு எத்தனை தடவை அடித்து எழுதியிருக்கிறேன், போன மாசம் கூட அந்தக் கோழிப்பண்ணைக் கையேட்டில் பதினோரு இடத்தில். ஓரத்தில் எழுதுவேன், ற மொழிக்கு முதலில் வராது. அதையும் திருத்திவிட்டேன் பார், கிடைத்த ஒரே சொல்லையும் நானே அடித்துவிட்டேன். ற மொழிக்கு முதலில் வராது. என் கையெழுத்திலேயே தெரிகிறது, சாய்வாக, கீழே கோடு போட்டு. ற மொழிக்கு முதலில் வராது. ற மொழிக்கு. கூட்டல் குறி. இரு. இரு. ற வராது. ழ? ழ வராது. ண வராது. ள வராது. ன வராது. எதுவுமே வராது. தமிழில் எந்தச் சொல்லும் இந்த எழுத்துகளில் தொடங்காது. ஆறாம் வகுப்பு இலக்கணம். நான் மெய்ப்புப் பார்த்த புத்தகத்திலேயே கட்டம் போட்டு இருக்கிறது. அகராதியில் ழகரத்துக்குப் பக்கமே கிடையாது. பதினைந்து நாள் எந்தப் பக்கத்தைப் பார்க்கப் பயந்தேனோ அந்தப் பக்கமே கிடையாது!

ஐயோ. என் மூளை சரியாக இருக்கிறது. சரியாக இருந்ததால்தான் ஒன்றும் வரவில்லை. தமிழுக்கே உரிய சிறப்பு எழுத்துகளாம். படம் போட்டுச் சட்டம் மாட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறார் டைரக்டர். ஆங்கிலத்தில் ஏதோ ஓர் எழுத்து இருந்திருக்கும், அதை எடுத்துவிட்டுத் தமிழ்ப் பற்றோடு ழ போட்டிருக்கிறார், எந்த எழுத்தைப் பார்த்தால் தமிழ் தமிழாக இருக்கிறதோ அதையெல்லாம் பொறுக்கிப் போட்டிருக்கிறார். தமிழ் என்று மேடையில் கத்தத் தெரிகிறது, ஒரு சொல் எப்படித் தொடங்கும் என்று ஒரு நிமிஷம் வாயில் போட்டுப் பார்க்கத் தெரியவில்லை. ஒரு வாத்தியாரைக் கேட்கக் கூடாதா? ஒரு பிழை திருத்துகிறவளைக் கேட்கக் கூடாதா? கோடிக்கணக்கில் இயந்திரம், மண்டைக்குள் ரசாயனம் வரைக்கும் பார்க்கிற இயந்திரம், அதற்கு முன்னால் பூஜை போட்டிருப்பீர்கள், எலுமிச்சம்பழம் வைத்திருப்பீர்கள், ஐந்து எழுத்தை யாரிடமும் காட்டவில்லையே பாவிகளா. ன வந்து போய்விட்டது, நான் பார்க்கவே இல்லை. கூட்டல் குறி. சும்மா இருக்கச் சொன்ன நேரத்தில்தான் வண்டி வண்டியாகச் சொல் ஓடுகிறது, திட்டுத் திட்டாக ஓடுகிறது. கழித்துப் பார்ப்பார்களே! எழுத்து வரும்போது அமைதி, கூட்டல் வரும்போது இரைச்சல், இரண்டையும் கழித்தால் என் பேச்சு இருக்கிற இடமே தலைகீழாக, இல்லாத இடமாகத் தெரியும். அங்கே ஒன்றும் இல்லை என்று மறுபடி எழுதுவார்கள். இழக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.

பந்து கையில் இருக்கிறது. அமுக்கினால் எல்லாம் நின்றுவிடும். ஒத்துழைப்பு போதாது என்று இரண்டாவது தடவை எழுதுவார்கள். வெளியே இவர் இருக்கிறார், "சும்மா கொஞ்சநேரம் படுத்திருக்கக் கூடாதா மொழி" என்பார். எனக்கென்ன தெரியும், அவர்கள் எத்தனை படித்தவர்கள், ஒருவேளை இதற்கு வேறு காரணம் இருக்குமோ, வேண்டுமென்றே போட்டிருப்பார்களோ. பார், பார், எப்படி உடனே தலையாட்ட ஆரம்பிக்கிறது. தலையைப் பூட்டி வைத்தாலும் உள்ளே ஆட்டுகிறது. பால் அடிப்பிடிக்கிற வாசனை. வருகிறதா? வருகிறது என்று நினைக்கிறேனா? இப்போது வந்தால் அமுக்கிவிட்டு என்ன சொல்வேன், அரை நிமிஷம் வாயைத் திறந்தபடி கிடப்பேன், மூச்சு முட்டியது என்று எழுதிக்கொண்டு வெளியே இழுத்துவிடுவார்கள். ள. திரையில் ள நிற்கிறது, வட்டமாய், அழகாய், ஒரு சொல்லுக்கும் முன்னால் நிற்க வக்கில்லாமல். அதன் மேல் எனக்குக் கோபமில்லை, பாவம், அது என்ன செய்யும். பதினைந்து நாளைக்கு முன் பெஞ்சில் நான் தலை குனியாமல் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால். ழவில் எதுவுமே இல்லையண்ணே, உங்களுக்கு மட்டுமில்லை, யாருக்குமே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால். த் போடவில்லை என்று சுவரில் இருந்ததைத் திருத்தத் தெரிந்தவளுக்கு. அமுக்கிவிட்டேன்.

எல்லாம் நின்றது. இவ்வளவு அமைதியை எதிர்பார்க்கவில்லை. "என்னக்கா செய்யிது? மூச்சு முட்டுதா?" வாய் திறந்திருக்கிறது. என்ன சொல்ல வேண்டும் என்று தெரிகிறது, கண்ணுக்குள் நிற்கிறது, வரவில்லை. வா. "அக்கா? குழல்வாய் அக்கா?" அந்தப் பாதிப் பெயரைக் கேட்டதும் சுரீர் என்றது, கோபத்தில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

"குழல்வாய்மொழி" என்றேன். "பேர முழுசாச் சொல்லு. பெனிட்டா, ழவுல ஆரம்பிக்கிற வார்த்த ஒண்ணே ஒண்ணு சொல்லு."

"அதெல்லாம் நான் சொல்லக் கூடாதுக்கா. நீங்கதான் மனசுக்குள்ள..."

"ஒண்ணே ஒண்ணு. சொல்லிட்டீன்னா நான் கம்முனு படுத்துக்கிறேன்."

"ழ... ழா... ழீ..." என்கிறாள். பிறகு யாரையோ கேட்கிறாள், "சார், ழவுல ஒரு வேர்டு சொல்லுங்க." ஒரு ஆண் குரல், "ழவா? எவ்ளோ இருக்குமே, ழ... ழு..." என்று இழுத்து நின்றுபோனது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அவசரப்படுத்தவில்லை. அவர்களுக்கும் இருபது வினாடி கொடுத்தேன்.

"அக்கா... இல்லையேக்கா."

"இல்ல. ண, ற, ன, ள எதுலயும் இல்ல. தமிழ்லயே இல்லத்தா. என் மண்டைல இல்லாமப் போகல."

"சித்திரைலேருந்து எல்லாருக்கும் இதானக்கா போடுறோம். யாருமே சொல்லலையே."

"சொன்னாரு. பிச்சைமணின்னு ஒரு கண்டக்டரு. தாயி, எனக்கு ஒண்ணும் வரலன்னு ஒங்கிட்டத்தான சொன்னாரு?"

குரல் வந்தது, மெதுவாக. "சொன்னாருக்கா. நான் பதில் இல்லன்னு எழுதுனேன்."

டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். சித்திரையிலிருந்து எடுத்த ரிப்போர்ட்டையெல்லாம் வெளியே எடுத்து வைக்கச் சொன்னேன், ஒன்று விடாமல், நான் இந்தக் குழாயை விட்டு வருவதற்குள். என் குரல் குழாய் முழுக்க முட்டி எனக்கே திரும்பக் கேட்டது. அவ்வளவு பெரிய குரல் எனக்கு இருப்பது எனக்கே தெரியாது. டாக்டர் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து கிளம்பிவிட்டார், பத்து நிமிஷம் என்றாள். "அதுவரைக்கும் என்னக்கா செய்ய? வெளிய எடுக்கட்டுமா?" வேண்டாம் என்றேன். வேறு எழுத்து போடு, நான் கிடக்கிறேன். "எந்த எழுத்துக்கா?" சொன்னேன். ப, ம, க. எழுத்து மட்டும் இல்லை, ப, பா, பி என்று அந்த வரிசை முழுக்க. அவள் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. திரும்ப ஆணி அடிக்க ஆரம்பித்தது.

ப. பால்தான் முதலில் வரும் என்று நினைத்தேன், இரண்டு வருஷமாகத் தொலைந்து தொலைந்து வருகிற பால். அது வரவில்லை. பெரியார். பழங்காநத்தம். பைக்காரா. பசுமலை. ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கிறது, வெள்ளைச் சட்டை, எல்லாப் பொத்தானும் போட்டிருக்கிறது. பெரியார், பழங்காநத்தம், பைக்காரா, பசுமலை. என் சொல் ஒன்றுகூட இல்லை, எல்லாம் அவருடையது, அவர் குரலிலேயே ஓடுகிறது, என் மண்டைக்குள் எங்கேயோ ஆரஞ்சு நிறமாகப் பூத்துக்கொண்டிருக்கும். பதினேழு வருஷமாக இதைத்தான் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை கத்தியிருக்கிறார். இந்த ஒரு எழுத்தை அவருக்குப் போட்டிருந்தால் போதும். எட்டாம் வகுப்புப் போதும். கூட்டல் குறி வந்தது. இப்போது சும்மா இருக்க வேண்டும், இப்போதாவது சரியாக இருக்க வேண்டும். திட்டவில்லை, அழவில்லை, பஸ் நின்றுவிட்ட மாதிரி இருபது வினாடி கிடந்தேன். ம வந்தது. மூலக்கரை எறங்கு, என்றேன். மூலக்கரை எறங்கு.